அரசு கல்லூரில வேலைக்கு சேந்தாச்சு, சங்கத்தை எப்படி பயன்படுத்தறது?

டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தோட தேர்வை முடிச்சு அரசு கலை அறிவியல் கல்லூரில உதவிப் பேராசிரியரா சேந்தவங்களும், ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டெண்ட், லேப் அசிஸ்டெண்டா வந்தவங்களும் கேக்கற முதல் கேள்வி, சங்கத்துல சேரணுமா, சேந்தா என்ன கிடைக்கும்ங்கறதுதான். கண்டிப்பா சேருங்க. ஆனா சந்தா கட்டினதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சங்கம்னா வாசல்ல நின்னு கோஷம் போடறதுன்னு வெளில இருக்கறவங்க நினைக்கறாங்க, உள்ள வந்து பாத்தா அதோட வேலைல முக்கால்வாசி பேப்பர் வேலைதான், யாரோ ஒருத்தரோட ஃபைல் எந்த டேபிள்ல நிக்குதுன்னு கண்டுபிடிச்சு அதை நகத்தறது.

முதல்ல உங்களுக்கு எந்த சங்கம்னு தெரிஞ்சுக்கோங்க. அரசு கல்லூரி ஆசிரியர்களுக்கு டிஎன்ஜிசிடிஏ (தமிழ்நாடு அரசு கல்லூரி ஆசிரியர் கழகம்) மாதிரி அமைப்பு, அரசு உதவி பெறும் தனியார் கல்லூரின்னா ஏயூடி, மூட்டா மாதிரி ஆசிரியர் சங்கங்கள், ஆபீஸ் ஸ்டாஃபுக்கு தனி, நிரந்தரம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்களுக்கு தனி. இப்படி பிரிஞ்சு கிடக்கறதுதான் நம்ம பெரிய பலவீனம், அதுக்கு பின்னாடி வரேன். சேரும்போது சங்கம் எந்த சட்டத்துல பதிவாகிருக்கு, அரசு அங்கீகாரம் இருக்கா, கடைசியா எப்ப தேர்தல் நடந்துச்சு, வரவு செலவு யார் பாக்கறாங்கன்னு கேளுங்க. கேக்க கூச்சப்படவே வேணாம், நல்ல சங்கம் இதுக்கு கோவப்படாது.

சேந்த முதல் வருஷமே செய்ய வேண்டியது உங்க எஸ்ஆரை, அதாவது பணிப்பதிவேட்டை பாக்கறது. பிறந்த தேதி, படிப்பு, சேந்த நாள் முற்பகலா பிற்பகலா, லீவ் கணக்கு, இன்க்ரிமெண்ட், தகுதிகாண் பருவம் முடிச்ச ஆணை எல்லாம் ஏறிருக்கான்னு பாருங்க. இப்ப சம்பள விவரம் அரசோட களஞ்சியம் ஆப்லயே வருது, அதனால எஸ்ஆர்லயும் எல்லாம் சரியாதான் இருக்கும்னு விட்டுடாதீங்க. ரிட்டயர் ஆகற வருஷம் ஒரு பதிவு விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அதை சரி பண்ண அலையற அலைச்சல் சொல்லி மாளாது. ஒவ்வொருத்தரா போய் எஸ்ஆர் கேட்டா ஆபீஸ் கண்காணிப்பாளருக்கும் தொல்லை, அதனால உங்க கல்லூரில இருக்கற சங்கக் கிளை சார்பா கல்லூரி முதல்வர்கிட்ட ஒரு கடிதம் குடுத்து, இந்த வாரம் இந்த துறைன்னு தேதி வாங்கி எல்லாருமா பாத்துடுங்க. சங்கத்தோட அருமை புரியறது இந்த மாதிரி சின்ன வேலைலதான்.

அடுத்து சிஏஎஸ், அதாவது ஆசிரியர்களோட பணி மேம்பாட்டுத் திட்டம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியர் சம்பள லெவல் 10லேர்ந்து 11க்கு போக பிஎச்டி இருந்தா 4 வருஷம், எம்ஃபில்னா 5, ரெண்டும் இல்லன்னா 6, கூடவே ஓரியண்டேஷன் ரெஃப்ரெஷர் கோர்ஸ் எல்லாம் முடிச்சிருக்கணும். தகுதி வந்தும் ஃபைல் தூங்கறது நம்ம ஊர்ல சகஜம். அப்ப தனியா கெஞ்சாதீங்க, அதே வருஷம் தகுதி வந்தவங்க எல்லார் பேரையும் ஒரே லிஸ்டா போட்டு, தேதி வாரியா என்ன அனுப்பினோம்னு எழுதி, கிளை மூலமா மண்டல இணை இயக்குநர் ஆபீசுக்கு குடுங்க. அங்க அசையலைன்னா கல்லூரிக் கல்வி இயக்ககம், அதுக்கும் மேல உயர்கல்வித் துறை செயலாளர். இந்த வரிசையை தாண்டி நேரா மினிஸ்டர்கிட்ட மனு குடுத்தா அது சுத்தி திரும்ப இணை இயக்குநர் ஆபீசுக்கே வரும், நடுவுல மாசக்கணக்குல போயிடும்.

வாயால சொன்ன எதையும் நம்பாதீங்க. பேசிட்டு வந்தா அன்னைக்கே "இன்று தங்களை சந்தித்துப் பேசியதன்படி" ன்னு ஆரம்பிச்சு ஒரு கடிதம் எழுதி குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. பதிலே வரலைன்னா தகவல் உரிமைச் சட்டப்படி மனு, அதான் ஆர்டிஐ, போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும். சங்கத்தோட லெட்டர்பேட்ல போடாதீங்க, அந்தச் சட்டம் தகவல் கேக்கற உரிமையை குடிமகனுக்குதான் குடுத்திருக்கு, அதனால ஒருத்தர் சொந்த பேர்ல போடறதுதான் சரி.

வேலைப்பளு பத்தியும் சொல்லிடறேன். அதே 2018 விதில உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியர் பேராசிரியருக்கு 14 மணி நேரம் நேரடி வகுப்புன்னு இருக்கு. டைம்டேபிள் போடும்போதே இதை பேசிடணும், செமஸ்டர் நடுவுல சண்டை போட்டா பாதிக்கப்படறது பசங்கதான்.

இப்ப மெமோ, அதாவது உங்க மேல குற்றம் சொல்லி விளக்கம் கேக்கற கடிதம். கைல வாங்கினதும் பயந்து போய் அங்கயே உக்காந்து விளக்கம் எழுதி குடுத்துடறாங்க பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து. வாங்குங்க, தேதி போட்டு கையெழுத்து போடுங்க, அப்புறம் கிளைச் செயலாளர்கிட்ட போங்க. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதில அது 17ஏவா 17பியான்னு பாக்கணும், ஏன்னா 17ஏ சிறு தண்டனைக்கு, 17பி வேலையே போற அளவுக்கு போகலாம், அதுல விசாரணை அதிகாரி போட்டு முறையா விசாரிக்கணும். எந்த ஆவணத்தை வெச்சு குற்றம் சாட்டறாங்களோ அதோட நகல் கேட்டு எழுதுங்க, நேரம் பத்தலைன்னா கெடு முடியறதுக்குள்ள அவகாசம் கேட்டு எழுதுங்க. உதவி பெறும் கல்லூரின்னா 1976 தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு, அதிகாரியோட முன் அனுமதி இல்லாம நிர்வாகம் யாரையும் டிஸ்மிஸ் பண்ண முடியாது. ஆசிரியர்கள் லேபர் கோர்ட்டுக்கு போலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அப்ப இருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளி இல்லன்னு 1988லயே சுந்தராம்பாள் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, நம்ம வழி ஹைகோர்ட்ல ரிட் மனுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் சங்கம் சமாதானம் பேசவே கூடாது. பாலியல் புகார் வந்தா, அது நம்ம உறுப்பினர் மேலயே இருந்தாலும், நேரா உள் புகார் குழுவுக்கு போகணும், 2013 பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும். குழு யார் யார்னு பேரோட போர்டு மாட்ட வைக்கறது கிளையோட கடமை. "நம்ம ஆளு, வெளில தெரிய வேணாம்" னு மூடி மறைக்கற சங்கம் சங்கமே இல்ல.

போராட்டம்னா யோசிச்சு இறங்குங்க. 2003 ஜூலை வேலைநிறுத்தத்துல டெஸ்மாங்கற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை வெச்சு ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஊழியர்கள், ஆசிரியர்களை ஒரே மூச்சுல டிஸ்மிஸ் பண்ணாங்க, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டும் ஆகஸ்ட்ல சொல்லிச்சு. 2019 ஜனவரில ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ 22ஆம் தேதி ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் 30ஆம் தேதி வாபஸ் ஆச்சு. அதுக்காக பயந்து ஒதுங்க சொல்லல. 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் சேந்தவங்களுக்கு பழைய பென்ஷன் போய் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சிபிஎஸ் வந்துச்சே, அந்தக் கேள்வி இத்தனை வருஷம் உயிரோட இருந்ததே திரும்பத் திரும்ப தெருவுக்கு வந்த ஆளுங்களாலதான். கருப்பு பேட்ஜ், வாயில் கூட்டம், சாயங்கால ஆர்ப்பாட்டம், தற்செயல் விடுப்பு போராட்டம்னு படிப்படியா போங்க, ஸ்ட்ரைக் கடைசி.

இப்ப முன்னாடி சொன்ன பலவீனத்துக்கு வரேன். பல அரசு கல்லூரில டிபார்ட்மெண்டை தூக்கி நிறுத்தறதே கௌரவ விரிவுரையாளர்தான். யுஜிசி 2019ல ஒரு வகுப்புக்கு 1,500 ரூபா, மாசம் 50,000 வரைன்னு சொல்லிச்சு, அந்த தொகைக்காக அவங்க இன்னும் போராடிட்டு இருக்காங்க. நிரந்தர ஆசிரியர் ஸ்டாஃப் ரூம்ல அவங்களுக்கு ஒரு நாற்காலி கூட இல்லாத கல்லூரி இருக்கு. அவங்க ஆர்ப்பாட்டத்துக்கு நீங்க போய் நில்லுங்க. அதே மாதிரி உங்க ஃபைலை எழுதறது ஆபீஸ் ஸ்டாஃப், அங்க காலிப்பணியிடம் நிரப்பலைன்னா ரெண்டு ஆள் வேலையை ஒருத்தர் பாக்கறார், உங்க இன்க்ரிமெண்ட் லேட் ஆகறது அதனாலதான், அவர்கிட்ட கத்தாதீங்க. மூணு தரப்பும் மாசம் ஒரு தடவை சேந்து உக்காந்து ஒரே கோரிக்கைத் தாள் தயார் பண்ணி முதல்வரை பாருங்க, தனித்தனியா போனா ஒருத்தரை காட்டி இன்னொருத்தரை சமாளிச்சு அனுப்பிடுவாங்க.

கிளைல பொறுப்பு எடுத்தீங்கன்னா எல்லா கடிதத்தோட நகலும் ஒரு செட் உங்ககிட்ட, ஒரு செட் வேற துறைல இருக்கற பொருளாளர்கிட்ட வைங்க, ஸ்கேன் பண்ணி ஒரு ட்ரைவ்லயும் போட்டுடுங்க, ஏன்னா கலந்தாய்வுல செயலாளருக்கு மாறுதல் வந்துடும், அவரோட சேந்து மொத்த ஃபைலும் ஊரை விட்டு போயிடும்.