இணைய வாக்கெடுப்பு: எண்ணும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

21 பேர் கொண்ட குழு கூட்டத்துக்கு நாள் குறிக்கிறது. ஞாயிறு காலைக்கு 9 வாக்கு, சனி காலைக்கு 7, சனி மாலைக்கு 5. ஞாயிறு வென்றதாகச் செயலி காட்டும். ஆனால் சனிக்கிழமை கேட்ட 12 பேருக்கும் ஞாயிறு ஒத்துவராது. ஒரே மாதிரியான இரண்டு தெரிவுகள் வாக்குகளைப் பிரித்துக்கொண்டன, அவ்வளவுதான். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணிய முறைதான் தவறு.

தெரிவுகள் இரண்டே என்றால் சாதாரணப் பெரும்பான்மை போதும். மூன்றாவது வந்துவிட்டால் ஏற்பு வாக்குக்கு மாறுங்கள்: தனக்குச் சம்மதமான எல்லாவற்றையும் ஒருவர் டிக் செய்யலாம், அதிக டிக் பெற்றது வெல்லும். பல செயலிகளில் ஒன்றுக்கு மேல் தேர்வுசெய்யும் வசதியை இயக்கினாலே போதும். அன்றாட முடிவுகளுக்கு இதைவிட எளிய நல்ல வழி இல்லை.

பொறுப்பாளர் தேர்வு, விதிமாற்றம் போன்றவற்றுக்குத் தரவரிசை வாக்கு நல்லது. எல்லாரும் 1, 2, 3 என வரிசைப்படுத்துவார்கள்; பிறகு தெரிவுகளை இரண்டிரண்டாக மோதவிட்டு எண்ண வேண்டும். மேலே சொன்ன கணக்கில் சனி காலையும் ஞாயிறும் மோதினால், சனி மாலை கேட்டவர்களும் சனி காலைக்கே சேர்வதால், 12-க்கு 9 என்று சனி காலை வெல்லும். சில சமயம் அ ஆ-வையும், ஆ இ-யையும், இ அ-வையும் வெல்லும் சுழல் வரும். பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785-லேயே இதைக் காட்டினார். சுழலை அவிழ்க்கும் விதி முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். டெபியன் மென்பொருள் திட்டத்தினர் இதற்கு ஷுல்ட்ஸெ முறை என்ற எண்ணும் விதியைப் பயன்படுத்துகிறார்கள். சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்கலா, மறுவாக்கா என்பதையும் எழுதிவையுங்கள். முடிவு தெரிந்தபின் எழுதும் விதி யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் அமையும்.

பலர் சறுக்கும் இடம் குறைந்தபட்சப் பங்கேற்பு. 30 பேர் குழுவில் 15 பேராவது வாக்களிக்க வேண்டும் என்று விதி. 14 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. எதிர்ப்பவர்கள் வாக்களித்தால் தீர்மானம் நிறைவேறும். வராமல் இருந்தால் தோற்கும்! வாக்களிக்காதவருக்குப் பலன் தரும் விதி நியாயமானதல்ல. மொத்த வாக்குகளுக்குப் பதிலாக, ஆதரவு வாக்குகள் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்று வையுங்கள். அப்போது எதிர்ப்பவர் ஒதுங்கியிருந்து எதையும் சாதிக்க முடியாது.

வாக்குச்சீட்டில் ‘இவற்றில் எதுவும் வேண்டாம்’ கட்டாயம் இருக்கட்டும். தெரிவுகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் காட்டுங்கள்; மேலே இருப்பதற்குத் தானாகவே கூடுதல் வாக்கு விழும். இடைக்கால நிலவரத்தை மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் தாமதமாக வருபவர்கள் கூட்டத்தோடு சாய்வார்கள். வாக்குப்பதிவு தொடங்கியபின் தெரிவைச் சேர்க்கவோ வாசகத்தைத் திருத்தவோ கூடாது. பிழை இருந்தால் ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். முடியும் நேரத்தை நேரமண்டலத்துடன் குறிப்பிடுங்கள். வாக்களிக்கக் குறைந்தது மூன்று முழு நாட்களாவது கொடுங்கள்.

எல்லாருக்கும் ஒரே லிங்க் அனுப்பினால் ஒருவரே பலமுறை வாக்களிக்க முடியும். உறுப்பினர் பட்டியலை முதல்நாளே முடித்து, ஒருமுறை மட்டும் செல்லும் தனிக் குறியீட்டை ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். எந்தக் குறியீடு யாருக்குப் போனது என்ற பதிவு வாக்கு எண்ணுபவர் கையில் இருக்கக் கூடாது. முடிந்ததும் பெயரில்லாமல், குறியீட்டோடு எல்லா வாக்குகளையும் வெளியிட்டால் அவரவர் வாக்கு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், கூட்டியும் சரிபார்க்கலாம். ஆனால் வாக்கைக் காட்டச் சொல்லி மிரட்டக்கூடியவர்கள் உள்ள குழுவில் இந்தப் பட்டியலை வெளியிடாதீர்கள். இரு தரப்பும் ஏற்கும் இருவர் முன்னிலையில் எண்ணுங்கள்.