எம்பிஏ விண்ணப்பக் கட்டுரை: 'ஏன்' என்பதற்கு இடம் கொடுங்கள்

ஸ்டான்ஃபோர்ட் எம்பிஏ விண்ணப்பத்தில் பல ஆண்டுகளாகத் தொடரும் கேள்வி: உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்? பலர் குடும்பம், சமூக சேவை என்று எழுதிவிட்டு, அப்புறம் ரெஸ்யூமேயில் உள்ள சாதனைகளையே திரும்ப அடுக்குகிறார்கள். 'ஏன்' என்பதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும். "குழுவை வழிநடத்தினேன்" என்றால் எதுவும் தெரியாது. ப்ராஜெக்ட் டெலிவரிக்கு முந்தைய வாரம் இருவர் வேலையை விட்டபோது முதலில் யாரிடம் பேசினீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள், ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள்? அதை எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் வேலையை அன்றாடம் பார்க்கும் மேலாளர்தான் சரியான ஆள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்; சேர்ந்து செய்த இரண்டு மூன்று வேலைகளையும் நினைவூட்டுங்கள்.