குழந்தைகள் இல்லம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிக்கக் கூடாது, பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனதோடு தமிழ்நாட்டில் புதிதாக இல்லம் தொடங்குபவர்கள் வரிசையாகச் சறுக்கும் இடங்கள் வேறு.

சான்றிதழ்களைப் பதினேழரை வயதில் தேடுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேருவான். சாப்பாடு, சீருடை, டியூஷன் எதிலும் குறை இருக்காது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில்தான் சாதிச் சான்றிதழே இல்லை என்பது தெரியவரும். ஆதாரில் ஓர் இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறொன்று. சில இல்லங்களில் பள்ளியில் சேர்க்கும்போது நிறுவனரின் பெயரையே தந்தை பெயராகக் கொடுத்துவிடுகிறார்கள். பாசம்தான், ஆனால் அதைத் திருத்த அலைவது அந்தப் பிள்ளை.

சேர்த்த முதல் மாதத்திலேயே ஃபைலில் இருக்க வேண்டியவை: குழந்தைகள் நலக்குழுவின் (பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உத்தரவிடும் குழு) ஆணை, பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் டி.சி., பெற்றோர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் வாங்குவதில்லை. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இறப்புத் தேதிக்கு ஆதாரம் இல்லாமல் அந்த இடஒதுக்கீட்டை எப்படிக் கேட்பது? பெற்றோரின் எஸ்.சி., எஸ்.டி. சான்று கிடைக்குமானால் அதன்படியே வாங்குங்கள். சோம்பல்பட்டு இந்தப் பட்டியலில் தள்ளினால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

பிறந்த தேதி தெரியாவிட்டால் ஏதோ ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 94ஆவது பிரிவு வரிசை சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்று, அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் நலக்குழு ஆணையின்படி மருத்துவப் பரிசோதனை. பெயர், தேதித் திருத்தமெல்லாம் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகும் முன் முடிந்துவிட வேண்டும். ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது தவணை பல இல்லங்களில் விட்டுப்போகிறது.

இவற்றையெல்லாம் தேதியோடு குறிக்க வேண்டிய இடம் படிவம் 7, அதாவது ஒவ்வொரு பிள்ளைக்குமான தனிப் பராமரிப்புத் திட்டம். அதை எடுத்துப் பார்த்தால் நாற்பது பிள்ளைக்கும் ‘நன்றாகப் படிக்க வேண்டும்’ என்று ஒரே கையெழுத்தில் இருக்கும்.

கேக் வெட்டி வழியனுப்புவது

பதினெட்டு முடிந்தால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். 21 வயது வரை பின்பராமரிப்புக்கு, அதாவது இல்லத்தை விட்டுப் போனபின் தரும் உதவிக்கு, சட்டத்தில் இடமுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் அந்தப் பேச்சைப் பதினாறிலேயே தொடங்குங்கள்.

வறுமைக்காக மட்டும் சேர்ப்பது

அம்மா இருக்கிறார், காசுதான் இல்லை என்றால் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தகுதி இருந்தால் அதற்கு விண்ணப்பிக்க உதவுங்கள்.

நன்கொடையாளரின் செல்ஃபி

கூடாது. பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவைப் படியுங்கள்.

குழந்தைகள் குழு

இல்லத்துப் பிள்ளைகளே உறுப்பினர்களான இந்தக் குழு 6–10, 11–15, 16–18 என வயதுவாரியாக, மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். அதிலும் கண்காணிப்பாளரே பேசிக்கொண்டிருந்தால் அது வெறும் அசெம்பிளி.

அசல்களைப் பீரோவில் பூட்டுவது

வெளியேறும் நாளில் அசல்கள் பிள்ளை கையில், நகல்கள் இல்லத்தில். அதற்கு முன் ஆதாரில் உள்ள மொபைல் எண்ணை மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் அது வார்டனுடைய எண்ணாக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் ஓ.டி.பி.யும் அவரோடு போய்விடும்.