கிட்டார் பழகும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்கூல் விட்டு வந்து, தேயிலைத் தோட்ட லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து, பேண்ட் ஒன்று தொடங்கும் ஆசையோடு பழகுகிற பிள்ளைகள். அந்த வயதில் நாங்கள் செய்த பிழைகளையே இவர்களும் செய்வதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. நகம் வெட்டு, விரல் வலியைப் பொறுத்துக்கொள் என்பதை யாரும் சொல்லித் தருவார்கள். அதை விடுகிறேன்.

நைலோன் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு நைலோன் கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீல் செட் போட்டால் இழுவை 70 கிலோ வரை போகும். மெல்லிய மேற்பலகையும், உள்ளே இரும்புக் கோல் இல்லாத கழுத்தும் அதைத் தாங்காது. முதலில் சத்தம் கணீரென்று கேட்கும், பிள்ளைக்குச் சந்தோசம். பிறகு பிரிட்ஜுக்கு, அதாவது மேற்பலகையில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டைக்கு, பின்னால் பலகை உப்பும். கம்பி மேலே ஏறி, அழுத்தவே முடியாமல் போகும். பிள்ளையோ தனக்குக் கை வரவில்லை என்று நினைத்து மனம் விட்டுவிடும்.

ஒரு தம்பிக்கு அவன் அம்மா கொழுந்து பறித்துச் சீட்டுக் கட்டி வாங்கிக் கொடுத்த கிட்டார் இப்படித்தான் போனது. கம்பி அறுந்ததும் கடைக்குப் போயிருக்கிறான். "இதுதான் தம்பி நல்ல சத்தம் வரும்" என்று ஸ்டீல் செட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரிட்ஜ் பெயர்ந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்து, "சேர், ஒட்டலாமா?" என்று கேட்டான். ஒட்டினோம். வளைந்த கழுத்து நிமிரவில்லை.

பிரிட்ஜைப் பாருங்கள். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் நைலோன். துளைக்குள் விட்டுச் சின்ன ஆணியால் அடைத்திருந்தால் ஸ்டீல். நைலோன் செட்டிலும் தடித்த மூன்று கம்பிகளில் உலோகம் சுற்றியிருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சந்தேகமென்றால் கிட்டாரையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஈரம்

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் அதைச் சுற்றியும் மழையும் மூடுபனியும் கூடிய மாதங்களில் பலகை ஈரத்தை இழுத்து ஊதும். வாசித்ததும் கம்பியைத் துடைத்துப் பையில் வையுங்கள். அடுப்படியில் மட்டும் காய வைக்க வேண்டாம். பசை இளகும், பலகை வெடிக்கும்.

டியூன் பண்ணாமல் வாசிப்பது

கம்பியின் சுருதி சரியா என்று காட்டும் டியூனர் ஆப் ஃபோனில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

எல்லோருக்கும் லீட்

பேண்டில் எல்லோருக்கும் முன்னால் நின்று மெட்டை வாசிக்கிற லீட் கிட்டார்தான் வேண்டும். ஒருவர் அடித்தள ஒலி கொடுக்கிற பேஸ் கிட்டார் எடுங்கள்.

தாளத்தை விட்டுவிடுவது

ஒரு கோர்ட்டிலிருந்து (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டிலிருந்து) இன்னொன்றுக்கு மாறும்போது, கம்பியை அடிக்கிற கை நின்றுவிடுகிறது. பேண்டில் இது நாலு பேரையும் குழப்பும். உங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர் இருப்பார், காமன் கூத்துக்கு ராத்திரி முழுக்க அடித்தும் தாளம் தளராதவர். அவரிடம் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஜி, சி என்ற இரண்டு கோர்ட்டை மட்டும் மாற்றி மாற்றி வாசியுங்கள். விரல் பிழைத்தால் பிழைக்கட்டும், அடிக்கிற கை நிற்கக் கூடாது. அது கைக்கு வந்த பிறகு மூன்றாவது கோர்ட்டுக்குப் போகலாம்.