உயிரி எரிபொருள்: கணக்கிலும் டேங்கிலும் நடக்கும் தவறுகள்

"செடியிலிருந்து வருவதுதானே, மாசே கிடையாது" என்று உயிரி எரிபொருளைப் பற்றிச் சொல்லிவிடுவதில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். வளரும்போது செடி உள்ளிழுத்த கார்பன் டை ஆக்சைடுதான் எரியும்போது வெளியே வருகிறது என்பது உண்மை. ஆனால் அது கணக்கின் ஒரு வரி மட்டுமே. பயிருக்குப் போட்ட உரம், உழுத டிராக்டரின் டீசல், ஆலையில் காய்ச்சி வடிக்கச் செலவான வெப்பம் எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் வரும். தழைச்சத்து உரம் விழுந்த மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 270 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

காட்டை அழித்துப் பயிரிட்டால் கதை இன்னும் மோசம். கார்பன் செறிந்த சதுப்புக் காட்டை வெட்டி, நீரை வடித்து, எண்ணெய்ப்பனை நட்டு, அதிலிருந்து பயோடீசல் (டீசலுக்குப் பதிலாக எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருள்) எடுத்தால், காட்டை அழித்ததில் வெளியேறிய அந்தக் கார்பன் கடன் அடைய 400 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று 2008இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. எந்தக் காட்டையும் தொடாமல், சாக்கடைக்குப் போகவிருந்த பழைய சமையல் எண்ணெயிலும் அதே பயோடீசலை எடுக்கலாம். பெயர் ஒன்றுதான், கணக்கு வேறு. பெட்ரோலோடு கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலும் அப்படியே. 1975இல் பெரிய அளவில் எத்தனால் திட்டம் தொடங்கிய பிரேசிலில் கரும்பாலைகள் தங்கள் சக்கையையே எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுத்துக்கொள்கின்றன. மக்காச்சோள ஆலைக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையோ நிலக்கரியையோ எரித்துத்தான் காய்ச்ச வேண்டும். ஆகவே 'உயிரி எரிபொருள் நல்லதா?' என்ற கேள்வியே எனக்குப் பயனற்றதாகப் படுகிறது. எதிலிருந்து, எந்த நிலத்தில் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

தரிசு நிலத்தில் தண்ணீரில்லாமல் எண்ணெய் கொட்டும் என்று காட்டாமணக்கை ஒரு காலத்தில் பல நாடுகள் கொண்டாடியதும் இதே கேள்வியைக் கேட்காததால்தான். வறட்சியில் அந்தச் செடி சாகாது என்பது சரி. சாகாமல் நிற்பது வேறு, காய்த்துத் தள்ளுவது வேறு. நல்ல மகசூல் வேண்டுமானால் அதற்கும் நீரும் உரமும் வேண்டும். அவை இருந்தால் அங்கே உணவுப் பயிரே விளையும்.

லிட்டர் விலையை மட்டும் ஒப்பிடுவது இன்னொரு தவறு. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்தால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறையும், உணரவே மாட்டீர்கள். கலப்பு ஏற ஏறப் பை சொல்லும். கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

அதிகம் காசு இழப்பது டீசல்காரர்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது என்ற செய்தியை எங்கோ படித்துவிட்டு, வடிகட்டிய பொரித்த எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றிவிடுகிறார்கள். தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. எரிபொருளை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டரின் நுண்துளையில் அது பனிப்புகைபோலச் சிதறாது. சொட்டுகளாக விழுந்து, அரைகுறையாக எரிந்து கரியாகப் படியும். முதல் சில நாள் ஓடும், அதை நம்பிவிடுவதுதான் ஆபத்து.

அந்தக் கெட்டித்தன்மையைக் குறைக்கத்தான் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துப் பயோடீசலாக மாற்றுகிறார்கள். கீழே கிளிசரின் இறங்கும், மேலே பயோடீசல் நிற்கும். வீட்டில் செய்பவர்கள் இங்கே வழக்கமாகக் கோட்டை விடுவது, எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு காஸ்டிக் போடுவதில். பலமுறை பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் தனியே பிரிந்து கிடக்கும். அது காஸ்டிக்கைத் தின்று சோப்பாகிவிடும். ஒரு மில்லி எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, காரத்தில் நிறம் மாறும் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் காஸ்டிக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், இளஞ்சிவப்பு நிலைக்கும் இடத்தில் விடை இருக்கிறது: எத்தனை மில்லி செலவானதோ, அத்தனை கிராம் காஸ்டிக், புதிய எண்ணெய்க்குப் போடும் அளவைவிட, ஒவ்வொரு லிட்டர் எண்ணெய்க்கும் கூடுதலாக வேண்டும். எண்ணெயில் ஈரம் இருந்தாலும் சோப்புதான். அலுமினியப் பாத்திரமும் கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும்.

மெத்தனாலைச் சாராயம்போல நினைத்துக் கையாள்வதை மன்னிக்கவே முடியாது. தோல் வழியாகவும் உள்ளே போகும், பார்வை நரம்பைக் கெடுக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. 65 டிகிரியில் கொதித்துவிடும் திரவத்தின் பக்கத்தில் திறந்த அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வது? காற்றோட்டமில்லாத அறையும் கையுறையில்லாத கையும் இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

நல்ல பயோடீசலே வாங்கினாலும், பழைய வண்டியில் முதல் முறை ஊற்றும்போது அது டேங்கில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக் கொண்டுவரும். ஃபில்டர் அடைத்தால் எரிபொருளைத் திட்டாமல் ஃபில்டரை மாற்றுங்கள். இயற்கை ரப்பர் குழாய்கள் ஊறி உப்பும், அவற்றையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் சேமித்து வைக்காதீர்கள். குளிரில் உறையும் அளவு மூல எண்ணெயைப் பொறுத்தது, பனை எண்ணெய் பயோடீசல் சீக்கிரமே கலங்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எதிரி தண்ணீர். 10 சதவீதக் கலப்பு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர்வரை தாங்கும். அதைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான். மாதக்கணக்கில் நிற்கும் ஜெனரேட்டர், படகு, புல்வெட்டி இயந்திரம் எல்லாம் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஓடாத காலத்தில் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வையுங்கள். ஒருமுறை பிரிந்த பெட்ரோல் குலுக்கினால் சேராது. முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பத்தான் வேண்டும்.