மெயில் சர்வரில் தடைப் பட்டியலைச் சரியாகப் பொருத்துவது எப்படி

பினாங்கில் சில சின்னக் கம்பெனிகளின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பிறையில் ஒரு சரக்கு முகவர், மார்க்கெட் தெருவில் ஒரு நகைக்கடை, ஜெலுத்தோங்கில் ஒரு அச்சகம். சரக்கு முகவருக்கு மெயிலில் வரவேண்டிய பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குக்கான ஆவணம்) வராமல் போனால் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கன்டெய்னர் நின்று வாடகை ஏறும். அதனால் ஸ்பாமை நிறுத்துவதைவிட, நல்ல மெயிலை நிறுத்திவிடாமல் இருப்பதுதான் எனக்கு முதல் கவலை. தடைப் பட்டியல் என்பது, மெயிலை ஏற்கக்கூடாத ஐபி எண்களையோ டொமைன்களையோ வெளியார் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்; நம் சர்வர் அதைக் கேட்டு மெயிலை ஏற்கும் அல்லது தள்ளும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கவலையோடு சொல்வது. உதாரணங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளுக்கானவை.

முதலில், சர்வர் எந்த முகவரியைச் சரிபார்க்கிறது? மெயிலில் நாம் பார்க்கும் அனுப்புநர் முகவரியை அல்ல. அங்கே யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம். உங்கள் சர்வரின் 25ஆம் போர்ட்டில் (வெளி சர்வர்கள் மெயில் கொண்டுவரும் வாசல்) வந்து பேசும் இயந்திரத்தின் ஐபி எண் அப்படியல்ல. பதில் போய்ச் சேர வேண்டுமென்றால் அது உண்மையான எண்ணாக இருந்தாக வேண்டும். அதனால் தடைப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஐபியை வைத்துத்தான் நடக்கின்றன. 1997இல் பால் விக்ஸி தொடங்கிய முதல் பட்டியலும் ஐபி பட்டியல்தான்.

கேட்கும் முறை எளிது. 203.0.113.25 என்ற எண்ணிலிருந்து ஒரு சர்வர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சர்வர் அந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, 25.113.0.203.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் என்று சாதாரண டிஎன்எஸ் கேள்வியாக (இணையப் பெயருக்கு எண் கேட்கும் கேள்வி) கேட்கும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் அந்த ஐபி பட்டியலில் இல்லை. 127இல் தொடங்கும் ஓர் எண் வந்தால் பொதுவாக இருக்கிறது என்று பொருள். ஐபிவி6 என்ற புதிய, நீளமான எண் என்றால் அதன் 32 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும், மற்றபடி இதேதான்.

வந்த எண் எது என்பதுதான் இங்கே முக்கியம். மேலே கேட்ட ஜென், ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு வெளியிடும் பட்டியல்; அது பல பட்டியல்களின் தொகுப்பு. 127.0.0.2 வந்தால் ஸ்பாம் அனுப்புகிறவர்கள் என்று ஆள் வைத்து ஆராய்ந்து சேர்த்தது. 127.0.0.4 வந்தால் வைரஸ் புகுந்த இயந்திரம். 127.0.0.10 அல்லது 11 வந்தால் வீட்டு இன்டர்நெட் இணைப்புகளைப் போல, நேராக மெயில் அனுப்பக்கூடாத ஐபி. இந்தக் கடைசி வகையில் இருப்பது குற்றம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு மோடத்தின் ஐபியும் அதில் இருக்கலாம்.

127.255.255.254 என்றும் ஒரு பதில் உண்டு. அதற்கும் அந்த ஐபிக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறீர்கள், அதனால் பதில் சொல்ல மாட்டோம் என்று பொருள். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் வெறுமனே பட்டியல் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்த எண் வந்தாலும் அது ‘ஆம்’ என்றே எடுத்துக்கொள்ளும். வருகிற மெயில் எல்லாம் திரும்பிப் போகும். தன் சர்வரைத் தானே அமைத்துக்கொண்ட ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டபோது இதைத்தான் பார்த்தேன். லாகில் (சர்வரின் பதிவேட்டில்) வரிக்கு வரி ‘ஓப்பன் ரிசால்வர்’ (பொது டிஎன்எஸ்) என்று காரணம் எழுதியிருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. வாடிக்கையாளர்கள் தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைத்து அந்த முதலாளி மனம் நொந்துபோயிருந்தார். இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரப்படாமல் செய்யுங்கள்.

சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்வி கேட்டு விடை தரும் மென்பொருள்) நிறுவி, கேள்விகளை வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் அதுவே நேராகக் கேட்கும்படி வையுங்கள். சர்வரின் டிஎன்எஸ் முகவரியை 127.0.0.1 ஆக்குங்கள். அப்புறம் டிஎன்எஸ் கேள்வி கேட்க உதவும் டிக் கட்டளையில் 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் என்று கேளுங்கள். இது சோதனைக்கென்றே எப்போதும் பட்டியலில் இருக்கும் எண். 127.0.0.2 உட்படச் சில எண்கள் வர வேண்டும். 1.0.0.127 என்று கேட்டால் ஒன்றும் வரக்கூடாது. அப்போதும் 127.255.255.254 வந்தால், வாடகை சர்வரின் ஐபிக்கு யாருடையது என்று தெரியாத பொதுப் பெயர் இருக்கலாம். ஸ்பாம்ஹவுஸிடம் பதிவுசெய்து உங்களுக்கென ஒரு சாவி வாங்கி, அதன் வழியாகக் கேளுங்கள். பொதுச் சேவை வணிகத்துக்கு இலவசமில்லை என்பதால் நிபந்தனைகளையும் அப்போதே படித்துவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பதில் வந்தால் மட்டும் தடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஐபி பட்டியலைப் பார்த்துத் தடுக்கச் சொல்லும் ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் வரியில் பட்டியலின் பெயரோடு ஒட்டி =127.0.0.[2..11] (கடைசி எண் 2 முதல் 11 வரை) என்று சேர்த்தால் போதும். இது எத்தனை பெரிய பாதுகாப்பு என்பது 2021 ஜனவரி இறுதியில் தெரிந்தது. ஸ்பாம்காப் என்ற இன்னொரு தடைப் பட்டியலின் டொமைன் பெயர் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. எந்தப் பெயரைக் கேட்டாலும் ஏதோ ஒரு ஐபி பதிலாக வந்தது. பதிலைப் பார்க்காத சர்வர்கள் நல்ல மெயிலையும் தள்ளின. 127.0.0.2 வந்தால் மட்டும் தடு என்று எழுதி வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மூடிய ஒரு பட்டியலே சரியான எண்ணைத் தந்துகொண்டிருந்தால் இந்த வடிகட்டி உதவாது. 2006இல் மூடிய ஓஆர்டிபி என்ற பட்டியல், இன்னும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 2008இல் எல்லா ஐபியும் பட்டியலில் உண்டு என்றே பதில் சொல்ல ஆரம்பித்தது. சோர்ப்ஸ் என்ற பட்டியல் 2024இல் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

எல்லாப் பட்டியலையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. ஒரு வாடிக்கையாளர் செய்த தப்புக்கு அந்த நிறுவனத்தின் மொத்த வலைப்பின்னலையே சேர்க்கும் பட்டியல்கள் உண்டு. அதனால் நான் போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலான போஸ்ட்ஸ்கிரீனில் மதிப்பெண் வைக்கிறேன்: ஜெனுக்கு 3, ஸ்பாம்காப்புக்கு 1, பாரகுடா என்ற பட்டியலுக்கு 2, தடுக்கும் எல்லை 3. ஜென் தனியாகத் தடுக்கலாம், மற்றவை இரண்டும் சேர்ந்தால்தான் தடுக்கும்.

தொடங்கியதும் தடுக்காதீர்கள். போஸ்ட்ஸ்கிரீன் சொல்லாத வரை தடுக்காது, லாகில் எழுதிக்கொண்டே விட்டுவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் மற்ற தடை வரிகளின் முன்னால், தடுக்காமல் லாகில் மட்டும் எழுதச் சொல்லும் வார்ன்_இஃப்_ரிஜெக்ட் சேருங்கள். கொஞ்ச நாள் லாகைப் படித்து, சப்ளையர், பேங்க், ஷிப்பிங் ஏஜென்ட் யாராவது மாட்டுகிறார்களா பாருங்கள். மாட்டினால் அவர்களுடைய சர்வரின் ஐபியை விலக்குப் பட்டியலில் சேருங்கள். மெயில் முகவரியை வைத்து விலக்கு கொடுக்க வேண்டாம், அதை யாரும் போலியாக எழுதலாம்.

உங்கள் சொந்த ஆட்களை மறக்கக் கூடாது. நகைக்கடைக்காரரின் மகள் கோலாலம்பூரில் தங்கிய ஹோட்டல் வைஃபையிலிருந்து மெயில் அனுப்பினால், அந்த ஐபி 127.0.0.10 வகையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஊழியர்கள் பாஸ்வேர்டு போட்டு 587ஆம் போர்ட்டில் அனுப்பட்டும், அங்கே தடைப் பட்டியல் வேண்டாம். 25இல் மட்டும் போதும். ஒரே விதிப் பட்டியலில் வைத்தே தீர வேண்டுமென்றால், பாஸ்வேர்டு போட்டவர்களை அனுமதிக்கும் பர்மிட்_எஸ்ஏஎஸ்எல்_ஆதென்டிகேட்டட் வரி மேலேயும் தடை வரி கீழேயும் இருக்கட்டும்.

அனுப்புநரின் டொமைனைப் பார்க்கும் பட்டியல்களும் உண்டு. ஸ்பாம்ஹவுஸின் டிபிஎல் அப்படிப்பட்டது. அதை ரிஜெக்ட்_ஆர்ஹெச்எஸ்பிஎல்_சென்டர் வரியில் தனியாகச் சேர்க்க வேண்டும். அதன் பதில்கள் 127.0.1இல் தொடங்கும். அதனிடம் தவறிப்போய் ஐபியைக் கேட்டால் 127.0.1.255 வரும், அதுவும் பிழைச் செய்திதான். இங்கேயும் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

எதைத் தடுத்தாலும், மெயிலை வாங்கும் முன்பே, வாசலிலேயே 554 (ஏற்க மாட்டேன் என்ற பதில் எண்) சொல்லித் தடுங்கள். எந்தப் பட்டியல் என்ற காரணத்தோடு மெயில் அனுப்பியவரிடம் திரும்பிப் போகும், அவர் போன் எடுத்துக் கேட்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அனுப்பியாகிவிட்டது என்று நம்பி அவர் காத்திருப்பார்.

உங்கள் ஐபியே பட்டியலில் ஏறிவிட்டால், நீக்கச் சொல்லி உடனே எழுதாதீர்கள். யாருடைய பாஸ்வேர்டு திருடுபோனது, எந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ், இணையதளத்தின் எந்தப் படிவம் ஸ்பாம் அனுப்புகிறது என்று முதலில் கண்டுபிடித்து மூடுங்கள். ஸ்பாம்காப் புகார் நின்று 24 மணி நேரத்தில் தானே எடுத்துவிடும். ஸ்பாம்ஹவுஸில் தேடல் பக்கத்தில் ஐபியைப் போட்டால் காரணமும் நீக்கும் வழியும் வரும். காரணத்தைச் சரிசெய்யாமல் நீக்கினால் திரும்ப ஏறிவிடும், அடுத்த முறை நீக்குவது இன்னும் கஷ்டம்.