சூரியன் எவ்வளவு காலம் ஒளிரும்? தாளில் ஒரு தோராயக் கணக்கு

வானியற்பியல் படிக்கத் தொடங்குவோர் பலர் சமன்பாடுகளை நன்றாக மனனம் செய்திருப்பார்கள். ஆனால், கிடைத்த விடை நம்பத்தக்கதா என்று கேட்டால் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் நீங்க, கால்குலேட்டரைத் தொடாமல் பத்தின் அடுக்குகளைக் கொண்டே கணக்குப் போட்டுப் பழக வேண்டும்.

முதலில் சில எண்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோ. ஆரம் 7 × 10⁸ மீட்டர். புவியிலிருந்து அதன் தொலைவு 1.5 × 10¹¹ மீட்டர். ஓர் ஆண்டு ஏறத்தாழ 3 × 10⁷ விநாடி. நீண்ட அட்டவணைகளை உருப்போட வேண்டாம். மற்ற எண்கள் புழங்கப் புழங்கத் தாமே பதிந்துவிடும்.

அடுத்து, சூரியன் வெளியிடும் திறனை, அதாவது ஒரு விநாடியில் அது வெளியிடும் ஆற்றலைக் காண்போம். வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராக நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,400 வாட் விழுகிறது. சூரியனை மையமாகவும் நம் தொலைவை ஆரமாகவும் கொண்ட கோளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இதே அளவுதான் விழும். கோளத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப்போல் சுமார் 12.5 மடங்கு, அதாவது 3 × 10²³ சதுர மீட்டர்; பெருக்கினால் 4 × 10²⁶ வாட்.

இந்த எண்ணைச் சூரியனின் நிறையால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோவுக்கு 0.0002 வாட். சும்மா அமர்ந்திருக்கும் 70 கிலோ எடையுள்ள மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அது சூரியனைவிடச் சில ஆயிரம் மடங்கு. ஆகவே, சூரியனின் பேரொளிக்குக் காரணம் அதன் பருமனே. அதன் ஒவ்வொரு கிலோவும் மிக மெதுவாகத்தான் ஆற்றலைச் செலவிடுகிறது. எனக்கு இந்த ஒரு வகுத்தல், பல பக்க விளக்கத்தைவிட மேலானது.

இனி எரிபொருளுக்கு வருவோம். சூரியன் முழுவதும் நிலக்கரி என்று கொண்டால், கிலோவுக்கு 3 × 10⁷ ஜூல் வீதம் 6 × 10³⁷ ஜூல் கிடைக்கும். அது 5,000 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும் சூரியன் சுருங்குவதால் ஒளிர்கிறது என்றனர். அந்த ஈர்ப்பாற்றலைக் காண, ஈர்ப்பு மாறிலியான 7 × 10⁻¹¹-ஐ நிறையின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும்; மேலும் கீழும் உள்ள 7 அடிபட்டுப்போக, 4 × 10⁴¹ ஜூல் மிஞ்சும். காலம் 3 கோடி ஆண்டு. இங்கே முன்னால் 3/5 என்ற கெழு (பெருக்கும் எண்) வருமா என்று தொடக்க நிலையினர் நெடுநேரம் மல்லாடுவதுண்டு. பாறைகளின் வயதோ 400 கோடி ஆண்டுகளைத் தொடுகிறது. நூறு மடங்கு குறைந்த விடையை எந்தக் கெழுவும் காப்பாற்றாது.

அணுக்கரு இணைவில், ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 விழுக்காடு ஆற்றலாகிறது. மையப்பகுதியில் உள்ள பத்தில் ஒரு பங்கு மட்டுமே எரிவதாகக் கொண்டு, ஒளிவேகத்தின் வர்க்கமான 9 × 10¹⁶-ஆல் பெருக்கினால் 1.3 × 10⁴⁴ ஜூல். அதைத் திறனால் வகுக்க 3 × 10¹⁷ விநாடி, அதாவது 1,000 கோடி ஆண்டு. சூரியனின் இப்போதைய வயது சுமார் 460 கோடி ஆண்டு என்பதால் விடை பொருந்துகிறது.

இப்போது நீங்களே ஒன்று செய்யுங்கள். சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் சில ஆயிரம் மடங்கு ஒளிர்கிறது. அது எவ்வளவு காலம் வாழும் என்ற உங்கள் ஊகத்தை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன் கீழே கணக்கைத் தொடங்குங்கள்.